பன்னிரண்டு கதவுகளும் ஒரு மாமியாரும்

அந்த நிறுவனத்தில் அந்த வருஷம் மாண்பு வருஷம். போன வருஷம் பங்கேற்பு வருஷம். அதற்கு முந்தின வருஷம் என்னவோ ஒன்று, யாருக்கும் ஞாபகமில்லை. தலைமையகம் கடல் தாண்டி எங்கோ இருந்தது. ஜனவரி பிறந்ததும் அங்கிருந்து ஒரு சொல்லைப் பொறுக்கி அனுப்புவார்கள். இங்கே பன்னிரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு குப்பை கொட்ட வேண்டும். மாண்பு என்று அச்சடித்த கோப்பைகள் வந்தன, சுவரில் மாட்டப் படங்கள் வந்தன, எல்லாக் கடிதத்தின் அடியிலும் ‘மாண்புடன்’ என்று போட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பினாயில் தீர்ந்துவிட்டது என்று எழுதிய துண்டுச் சீட்டிலும் இயக்குநர் மாண்புடன்தான் கையெழுத்துப் போட்டார்.

நம் கதைக்கு உரியவள் அந்த அலுவலகத்தின் களப் பொறுப்பாளர். பதவி பெரிதாகத் தெரிந்தாலும் வேலை என்னவோ வெயிலில் அலைவதுதான். அவள் குடியிருந்த இடத்தில் எல்லோருக்கும் அவள் ஆபீஸ்காரி. மாமியாரும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

வெள்ளம் வந்து ஆற்றங்கரையிலிருந்து விரட்டிவிட்ட எண்பது குடும்பங்களை ஒரு மேட்டில் கொண்டுவந்து குடிவைத்திருந்தார்கள். ஆபீஸ்காரியின் குடும்பமும் அதில் ஒன்று. ஆளுக்கு ஓர் அறை, ஒரு ஜன்னல். கழிப்பறை எல்லோருக்கும் பொது. அதைக் கட்டிக்கொடுத்தது ஆபீஸ்காரியின் நிறுவனம். பெண்களுக்கு என்று வரிசையாகப் பன்னிரண்டு. ஆண்களுக்கு வேறு பக்கம். அவர்கள் கதையை விட்டுவிடுவோம், அவர்களுக்கு உலகமே திறந்து கிடக்கிறது.

பன்னிரண்டும் நன்றாகத்தான் இருந்தன. வெள்ளை ஓடு, நீலக் கதவு, தண்ணீர்த் தொட்டி. ஒரே ஒரு குறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் ஒன்றுமில்லை. விசாரித்துப் பார்த்ததில் விஷயம் இவ்வளவுதான்: கழிப்பறைக்கு வரைபடம் அனுப்பச் சொன்னபோது தலைமையகத்தில் யாரோ தானியக் கிடங்கின் கதவுப் படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கிடங்குக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு? மூட்டை எழுந்து வந்து தாழ் போட்டுக்கொள்ளப் போகிறதா? காண்டிராக்டரும் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். படத்தில் இருந்தது இருந்தபடி பன்னிரண்டு கதவையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். போதாததற்குத் தரை கொஞ்சம் சரிவு. கதவைச் சாத்தினால் சாத்திய கையை எடுப்பதற்குள் அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும்.

உள்ளே ஒரு கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஒரு கை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்ச வேலையை எந்தக் கையால் பார்ப்பது என்ற கேள்வி வந்து, கயிறு கழன்றது. கடைசியில் ஓர் ஏற்பாடு தானாக வந்தது. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வது, அப்புறம் இடம் மாறிக்கொள்வது. இதனால் சில அதிசயங்களும் நடந்தன. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாக முகம் பார்க்காத ஓரகத்திகள் இரண்டு பேர், காலை ஐந்தரை மணி அவசரத்தில் சமாதானமாகிவிட்டார்கள். வயிறு செய்கிற பஞ்சாயத்தை எந்தப் பெரிய மனுஷராலும் செய்ய முடியாது.

இந்த ஏற்பாட்டில் சேராத ஒரே ஆள் ஆபீஸ்காரியின் மாமியார். அவர் முப்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்தவருக்குத் தன் விஷயத்தில் இன்னொருவரிடம் போய் நிற்பது என்றால் உயிர் போகிற சமாச்சாரம். கடன் கேட்கமாட்டார், கைமாற்றாக ஒரு கரண்டி சர்க்கரை கேட்கமாட்டார். “எனக்குக் கொஞ்சம் கதவைப் பிடி” என்று அடுத்த வீட்டுக்காரியிடம் எப்படிக் கேட்பார்? மருமகளிடமே கேட்டதில்லை. காலையில் ஆபீஸ்காரி வாளியோடு கழிப்பறைக்குக் கிளம்பும்போது மாமியாரும் ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் போகிற மாதிரி பின்னாலேயே வருவார். சாயங்காலம் அவள் திரும்பியதும் இன்னொரு தற்செயல். இவர் மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் ரோட்டில். ஆக, காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரைக்கும் மாமியாருக்குத் தற்செயல் கிடையாது.

அவர் என்ன செய்தார் என்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். இது ஆபீஸ்காரிக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, பானை ஏன் குறையவில்லை என்று அவள் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். ஊரான் வீட்டில் எத்தனை பேர் எத்தனை லிட்டர் குடிக்கிறார்கள் என்று படிவத்தில் குறிப்பதுதான் அவள் வேலை. அவள் வீட்டுக்கு எந்தப் படிவமும் வரவில்லை.

தாழ்ப்பாளுக்காக அவள் மேலே எழுதாமல் இல்லை. ஆறு மாதத்தில் நாலு கடிதம். முதல் கடிதத்துக்குப் பதில், ‘குறித்துக்கொண்டோம்’. இரண்டாவதற்கு, ‘ஏற்கனவே குறித்துக்கொண்டோம்’. யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்த கதைதான். இடையில் மேட்டில் டீக்கடை வைத்திருந்தவர் பொறுமை இழந்து, தன் மனைவிக்காக, கையில் துளைக்கருவியோடு கிளம்பிவிட்டார். அவரைப் போய்த் தடுத்தது யார்? இதே ஆபீஸ்காரிதான்.

“அண்ணே, கை வைக்காதீங்க. ஒரு வருஷத்துக்கு எதையும் மாத்தக்கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். மாத்தினா வீட்டுக்கு வீடு தண்ணிக் குழாய் போடுற வேலைய நிறுத்திடுவாங்க. நான் எழுதியிருக்கேன், வந்துடும்.”

“எழுதினா தாழ்ப்பா வருமா, தாயி? இரும்புல அடிச்சாத்தான் வரும்,” என்றார் அவர். ஆனாலும் திரும்பிப் போய்விட்டார், அவள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து.

நாலாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு மதிப்பீட்டாளர் அம்மாள் வந்தார். கடல் தாண்டி வந்தவர், நல்ல மனசுக்காரர், தலையில் பெரிய தொப்பி. மாண்பை அளந்துகொண்டு போக வந்திருந்தார். ‘நீங்கள் எவ்வளவு மாண்போடு உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்’ என்பது முதல் கேள்வி. ஆபீஸ்காரி அதைப் பேச்சுத் தமிழில் மாற்றிக் கேட்டாள். டீக்கடைக்காரர் மனைவி, “யாரு கேக்குறாங்கங்கிறதப் பொறுத்து,” என்றாள். அதற்குக் கட்டம் இல்லாததால் மூன்று என்று குறித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அம்மாளின் கண்ணில் பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கழிப்பறைக்குப் போவது பட்டது. ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவில் சாய்ந்தபடி வெளியே, இரண்டு பேரும் பேச்சும் சிரிப்புமாக. ஏன் என்று கேட்டார். தாழ்ப்பாள் இல்லை என்று ஆபீஸ்காரி சொல்லத்தான் செய்தாள். அம்மாளின் காதில் அது விழவும் செய்தது. ஆனால் ஓரகத்திகள் சமாதானமான கதையை யாரோ சொல்லிவிட்டார்கள், அதில் அவர் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அறிக்கையில் தாழ்ப்பாள் வரவில்லை. ‘ஒருவர் மாண்பை ஒருவர் காக்கும் தோழமை’ என்று பதினோரு பக்கம் வந்தது.

இயக்குநருக்குக் கால் தரையில் படவில்லை. இந்த மாதிரியை இன்னும் மூன்று நாடுகளில் செய்து பார்க்கப் போகிறார்களாம். தலைமையகத்துப் பெரியவர்களே அடுத்த வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்களாம்.

“சார், அந்தத் தாழ்ப்பாள்,” என்றாள் ஆபீஸ்காரி.

இயக்குநர் மாண்புக் கோப்பையைக் கீழே வைத்தார். “யோசிச்சுப் பாரும்மா. இப்போ உள்ள தாழ்ப்பாள் போட்டா அந்தத் தோழமை என்ன ஆகும்?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று நாள் மாண்புப் பட்டறை தொடங்கியது. பெரிய ஹாலில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து, மாண்பு என்றதும் மனசில் தோன்றுவதை வண்ணத் தாளில் எழுதி ஒட்டினார்கள். ஒருவர் ‘சூரிய உதயம்’ என்று எழுதினார். ஆபீஸ்காரி பச்சைத் தாளில் ‘தாழ்ப்பாள்’ என்று எழுதினாள். பட்டறை நடத்துபவர் அதைப் பிடித்துக்கொண்டு, நம் மனத்தின் தாழ்ப்பாள்களைத் திறப்பது பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த நேரத்தில்தான் அவள் செல்போன் அதிர்ந்தது. டீக்கடைக்காரர் மனைவி பேசினாள்.

“உங்க மாமியார் தொட்டிகிட்ட மயங்கி விழுந்துட்டாங்க. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஆட்டோவுல ஏத்திட்டோம்.”

ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க மாமியார் படுத்திருந்தார். படுத்தபடியே விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, “இதுவா வெளுப்பு? நீலம் சரியாவே போடல,” என்றார். இதே ஆஸ்பத்திரியில்தான் அவர் முப்பது வருஷம் விரிப்பு வெளுத்தது. டாக்டரம்மா ஆபீஸ்காரியை வெளியே கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார்.

“பகல் பூரா ஒரு டம்ளர் தண்ணிகூட குடிக்கலையாமே. வீட்ல தண்ணி இல்லையா? யாரும் பாத்துக்கிறதில்லையா? நீங்க எங்க வேலை பாக்குறீங்க?”

எங்கே வேலை பார்க்கிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இன்றைக்கு உடைந்தது பொன்குடம்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. மாமியார் நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதையும் மடமடவென்று குடித்துவிட்டு, டிரிப்ஸ் மாட்டிய கம்பியைத் தள்ளிக்கொண்டு, வார்டின் மூலையிலிருந்த கழிப்பறைக்குப் போனார். ஆபீஸ்காரி பழக்கதோஷத்தில் கூடவே எழுந்து போனாள். அவள் கதவில் கை வைப்பதற்குள் உள்ளே டக்கென்று தாழ் விழுந்தது.

பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. நர்ஸ் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். “என்னம்மா ஆச்சு? மயக்கமா? தாழைத் திறங்க.”

“ஒண்ணும் ஆகல,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, அவ்வளவு நிதானமாக. “சும்மா உக்காந்திருக்கேன்.”

அரை மணி கழித்து வெளியே வந்தபோது மாமியாரின் முகம் தெளிந்திருந்தது. கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, மருமகளிடம் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

“இங்க இன்னும் ரெண்டு நாள் கூட இருக்கலாமான்னு டாக்டரக் கேட்டுப் பாரேன்.”

ஆபீஸ்காரி வராந்தாவுக்குப் போய், துணி காயப்போட்டிருந்த கொடிக்குப் பின்னால் நின்று அழுதாள். ஊருக்கெல்லாம் மாண்பு விளக்கின வாய், ஆறு மாதமாக ஒரு டீக்கடைக்காரரைத் தடுத்ததைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை. அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் இயக்குநர் மேல், அப்புறம் தொப்பி அம்மாள் மேல், கடைசியாகத் தன் கையெழுத்தின் மேல். அது வந்து நின்ற இடம் சரியான இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் டீக்கடைக்குப் போய், “அண்ணே, அந்தத் துளை போடுற மிஷினக் கொஞ்சம் குடுங்க,” என்றாள்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “எழுதியிருக்கேன்னு சொன்னியே தாயி, பதில் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“என்னவாம்?”

“எங்க அத்தை ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு, துளைக்கருவியையும் திருகாணிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார். இவர்களைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். திட்டினார்கள்தான், இதை முதலிலேயே செய்வதற்கென்ன என்று. குழாய் வராமல் போனால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். “ஆத்து வெள்ளத்துக்கே தப்பிச்சவங்க, குழாய்க்கா பயப்படுறது?” என்றாள் டீக்கடைக்காரர் மனைவி. வெளியே இருந்ததைக் கழற்றி உள்ளே மாட்டுவது, சட்டத்தில் துளை போட்டுக் கொண்டியை இறுக்குவது, அவ்வளவுதான் வேலை. ஒரு கதவுக்கு இருபது நிமிஷம். முதல் இரண்டு கதவில் ஆபீஸ்காரி கொண்டியைத் தலைகீழாக மாட்டி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தது. ஆறு மாதமும் நாலு கடிதமும் ஒரு பட்டறையும் செய்யாததை அரை நாள் செய்துவிட்டது.

வியாழக்கிழமை இரண்டு வண்டிகளில் பெரியவர்கள் வந்து இறங்கினார்கள். தொப்பி அம்மாள் முன்னால் வந்து, இதோ பாருங்கள் என்று கையைக் காட்டினார். எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாளியோடு தனியாக வந்தாள், உள்ளே போனாள், தாழ் விழுந்தது. இன்னொருத்தி தனியாக வந்தாள், உள்ளே போனாள், தாழ் விழுந்தது. பெரியவர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தோழமையைக் காணோம்.

இயக்குநருக்கு வியர்த்தது. தண்ணீர் பிடிக்க வந்த டீக்கடைக்காரர் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கெஞ்சினார். “அம்மா, முன்ன மாதிரி ரெண்டு பேராப் போங்களேன். ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்குங்க. ஒரு போட்டோ, அவ்வளவுதான்.”

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அதுக்கென்ன சார், செஞ்சிட்டாப் போச்சு. முதல்ல நீங்க உள்ள போங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிறேன். தாழ் போடாதீங்க.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் பெரியவர்களும், மொழி புரியாமலே, ஒரு மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று தொப்பி அம்மாள் ஆபீஸ்காரியைக் கேட்டார். இயக்குநர் அவளைப் பார்த்த பார்வையில், ‘பார்த்துச் சொல்’ என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. ஆபீஸ்காரி அதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். தாழ்ப்பாளை யார் மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்பதையும், ஆஸ்பத்திரியில் இருப்பது யார் என்பதையும், கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். அம்மாள் ஒரு கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழைப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அலுவலகத்தில் கடிதம் தயாராக இருந்தது. திட்டச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாலும், பயனாளிகளிடையே நிலவிய ஒற்றுமைக்கு ஊறு செய்ததாலும், அவளுடைய பணி இன்றோடு முடிகிறது. அவள் மாண்பைக் கருத்தில் கொண்டு இதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுக்கிறார்களாம். கீழே, மாண்புடன், கையெழுத்து. குழாய் வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அது பரிசீலனையில் இருக்கிறது என்றார் இயக்குநர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவில் ஒன்றும் சொல்லவில்லை. மேடேறி இறங்கியதும் மாமியார் வீட்டுக்குள் போகவில்லை. வாசலிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு, நட்டநடுப் பகலில், எல்லோரும் பார்க்க, கழிப்பறைப் பக்கம் நடந்தார். எந்தத் தற்செயலும் இல்லாமல். ஆபீஸ்காரி பின்னாலேயே போனாள். மாமியார் ஒவ்வொரு கதவாக உள்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே போய், ஏழாவதைத் தேர்ந்தெடுத்தார். தாழ் விழுந்தது.

கடிதம் ஆபீஸ்காரியின் பைக்குள் கனத்தது. இனி வீட்டில் புருஷனுடைய லாரிச் சம்பளம் மட்டும்தான், அதுவும் அவன் வந்தால்தான். முகத்துக்கு நேராக இதை எப்படிச் சொல்வது? கதவு நடுவில் இருக்கும்போது சொல்லிவிடுவது சுலபம் என்று அவளுக்குப் பட்டது.

“அத்தை, எனக்கு வேலை போயிடுச்சு.”

தொட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“இந்தத் தாழ்ப்பாள மாத்தினதுக்குத்தான். கடிதம் குடுத்துட்டாங்க. இனிமே என்ன பண்றதுன்னு தெரியல, அத்தை.”

“ஏண்டி,” என்றார் மாமியார் உள்ளேயிருந்து, “தாழ் போட்டுட்டு உக்காந்திருக்கிறவகிட்ட வந்து யாராவது பேச்சுக் குடுப்பாங்களா? வீட்டுக்குப் போ. முடிச்சுட்டு வந்து பேசுறேன்.”